வாசலில் கனோபி போட முதல் சுவரைத் துளைத்துப் பாருங்கள்

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. வாசலில் நின்று வெளியே பார்த்தால் வலது கைப்பக்கம் கடல். வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் மழை நேராக விழாது. கடற்பக்கத்திலிருந்து சரிந்து வந்து கதவின் கீழ்ப்பாதியை நனைத்து, நிலைப்படிக்கு அடியால் உள்ளே ஊர்ந்து, அம்மா கால் வைக்கிற டைல்ஸில் ஒரு சின்னக் குளம் கட்டும். ஒரு கையில் குடை, ஒரு கையில் மரக்கறிப் பை, திறப்பு எங்கே என்று தேடிக்கொண்டு நிற்கிறவரின் கழுத்துக்குள் ஊற்றுவது தனி.

நான்கு வருடத்துக்கு முன், கதவுக்கு மேலே மழை மறைக்க, பெட்டியில் ரெடிமேடாக விற்கிற கனோபி ஒன்றை வாங்கிப் பூட்டினோம். இரண்டு பிளாஸ்டிக் கை, நடுவில் பிரவுன் ஷீட், பார்க்க அழகுதான். பூட்ட வந்தவர் அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்துக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஆனி மாதம் ஒரு ராத்திரிக் காற்றில் அது மதிலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்கியது. இறக்கிப் பார்த்தால் ஷீட்டில் ஒரு கீறல் இல்லை, கையில் ஒரு வெடிப்பு இல்லை. ஸ்குரூ எல்லாம் பிளாஸ்டிக் பிளக்கோடு அப்படியே இருந்தன, பிளக்கைச் சுற்றிக் கொஞ்சம் செம்மண் தூள். கனோபி உடையவில்லை, சுவர்தான் கைவிட்டது.

அதனால் எந்த ஷீட் நல்லது, எந்த நிறம் பொருந்தும் என்பதெல்லாம் பிறகு. கடைக்குப் போக முதல் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

சுவர் எதனால் கட்டியது?

கொழும்பில் பழைய வீடுகளில் கபுக்கல் (நிலத்திலிருந்து வெட்டியெடுக்கிற செம்மண் கல்) சுவர் நிறைய. மேலே சாந்து பூசிப் பெயின்ட் அடித்திருப்பதால் வெளியிலிருந்து தெரியாது. பிறகு கட்டிய வீடு என்றால் செங்கல் அல்லது சீமெந்துக் கல், அதிலும் நடுவில் ஓட்டை விட்ட கல் இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஒரு துளை போதும். கதவுக்கு மேலே, நாளைக்குக் கனோபி மறைக்கப்போகிற இடத்தில், 6 மில்லிமீற்றர் பிட்டால் துளைத்து வரும் தூளைக் கடதாசியில் பிடியுங்கள். முதல் அரை அங்குலம், முக்கால் அங்குலம் சாந்து, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வந்து ட்ரில் மெசின் திணறினால் அது கொங்கிரீட், பெரும்பாலும் கதவு லிண்டல், அதாவது நிலைக்கு மேலே குறுக்கே போட்ட கொங்கிரீட் தாங்கி. ஒரே சீரான செம்மஞ்சள் தூள் என்றால் செங்கல். சிவப்பும் மஞ்சளும் கலந்து, தொட்டால் ஈரமாக, பழுத்த பப்பாசியில் கத்தி இறங்குகிற மாதிரி பிட் இறங்கினால் கபுக்கல். திடீரென்று பிட் முன்னுக்குப் பாய்ந்தால் ஓட்டைக் கல். துளைக்க முதல், அழைப்பு மணிக்கோ வாசல் விளக்குக்கோ போகிற வயர் அந்தப் பக்கத்தால் ஓடுகிறதா என்று பார்த்து, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு பற்றரி ட்ரில்லால் துளைப்பது நல்லது.

நான்கு சுவருக்கும் நான்கு மாதிரிப் பிடிப்பு. கொங்கிரீட் லிண்டல் கிடைத்தால் அதிர்ஷ்டம், துளைக்குள் விரிந்து இறுகுகிற 10 மில்லிமீற்றர் எங்கர் போல்ட் அங்கே அசையாமல் நிற்கும். செங்கல்லில் போல்ட் கல்லின் நடுவில் விழ வேண்டும். இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள சாந்தில் விழுந்தால் இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டைக் கல்லுக்கு வலைக் குழாயோடு வருகிற, பசையால் ஒட்டிப் பிடிக்கிற கெமிக்கல் எங்கர். கபுக்கல்லுக்கு விரிகிற எங்கர் போல்ட் சரிவராது, ஏனென்றால் அது விரிந்து கல்லை நெருக்கித்தான் பிடிக்கிறது, இந்தக் கல்லோ நெருக்கினால் பொடிந்து கொடுக்கும். சுவரைக் கடந்து உள்ளே வரைக்கும் நீளப் போல்ட் போட்டு, உட்பக்கம் 4 அங்குலச் சதுர இரும்புத் தகடு வைத்து நட் இறுக்குவதுதான் நிம்மதி. ஹோலுக்குள் தகடு தெரியுமே என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு தகட்டுக்கு மேலே கலண்டர், மற்றதற்கு மேலே சாமிப்படம்.

எங்கள் கதவுக்கு லிண்டல் இருந்தது, நிலைக்கு இரண்டு பக்கமும் 6 அங்குலம் நீண்டிருந்தது. பெட்டிக் கனோபியைப் பூட்டியவர் அதை நாலு விரல் வித்தியாசத்தில் தவறவிட்டு, அதற்கு மேலே கபுக்கல்லில் பிளக் அடித்திருந்தார்.

எவ்வளவு நீட்ட வேண்டும்

இதற்குக் கடைக்காரர் சொல்கிற அளவு வேண்டாம், உங்கள் வீட்டு ஜன்னலைக் கேளுங்கள். கதவு இருக்கிற அதே சுவரில், ஜன்னலுக்கு மேலே கொங்கிரீட் சன்ஷேட் இருக்கும். நல்ல காற்றோடு மழை பெய்து ஓய்ந்த உடனே வெளியே வந்து, சன்ஷேட்டின் விளிம்பிலிருந்து கீழே எவ்வளவு தூரம் சுவர் காய்ந்து கிடக்கிறது என்று சோக்கால் கோடு போட்டு அளவுங்கள். எங்கள் வீட்டில் சன்ஷேட் 18 அங்குலம் வெளியே நீட்டியிருக்கிறது, அதற்குக் கீழே காய்ந்த பகுதி 30 அங்குலம். அதாவது ஒரு அடி நீட்டினால் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் அடி காயும், கொஞ்சம் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் மூன்றரை அடி நீட்டிய கனோபி, தன் முன் விளிம்பிலிருந்து கீழே ஐந்தேமுக்கால் அடி வரைக்கும் காப்பாற்றும். முன் விளிம்பு தரையிலிருந்து 7 அடி உயரத்தில் இருந்தால் கதவின் அடியில் ஒரு அடி சொச்சம் நனையும். அது பரவாயில்லை என்றால் அந்த அளவு போதும். கூடாது என்றால் இன்னும் நீட்ட வேண்டும், அல்லது விளிம்பைப் பதிவாக, கீழே இறக்க வேண்டும்.

உயரம் கூடக்கூட பயன் குறைகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மேல்மாடி பல்கனிக்கு அடியில் 10 அடி உயரத்தில் அழகுக்கு ஒரு கனோபி போட்டுவிட்டு, நனைகிறதே என்று குறைப்படுகிற வீடுகள் எத்தனையோ. தலை இடிக்காத, விரித்த குடை முட்டாத அளவுக்கு எவ்வளவு பதிவாக வைக்க முடியுமோ அவ்வளவு பதிவாக வையுங்கள். ஆனால் ஒரு விஷயம், கொழும்பில் முக்கால்வாசி வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே கிறில் கதவும் இருக்கும், அது வெளிப்பக்கமாகத் திறக்கும். கிறிலை முழுக்கத் திறந்து அதன் மேல் மூலை எந்த வளைவில் போகிறது என்று பார்த்துவிட்டு அளவெடுங்கள். கனோபிக்கு அடியில் விளக்குப் போடப்போகிறீர்கள் என்றால் விளக்கின் தடிப்பையும் சேர்த்து.

அகலத்துக்கு நிலையின் இரண்டு பக்கமும் ஒரு அடி என்பது குறைந்தபட்சம், ஒன்றரை அடி என்றால் நல்லது. மழை ஒரே பக்கத்திலிருந்து வருகிற வாசல் என்றால் அந்தப் பக்கம் கூட்டி மற்றப் பக்கம் குறைக்கலாம், எல்லா இடமும் சரி சமனாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. மற்றது, கொழும்பில் மழை ஒரு திசைக்காரன் இல்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை கடற்பக்கத்துக் காற்று, சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடிமழை எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். அவசரம் இல்லையென்றால் இரண்டு மாதிரி மழையையும் ஒருமுறை பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

விழுவதை விடப் பறப்பதற்குப் பயப்படுங்கள்

கனோபி என்றால் விழுந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 6 அடி அகலம், மூன்றரை அடி நீட்டு, 4 மில்லிமீற்றர் பொலிகார்பனேட் ஷீட்டின் எடை 10 கிலோ கூட வராது. ஆனால் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற காற்று அதே பரப்பை அடியிலிருந்து சுமார் 23 கிலோ விசையில் தூக்கும், வேகம் 100 ஆனால் அது 90 கிலோவைத் தாண்டும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு என்பது கணக்கு. கதவும் சுவரும் காற்றுக்குத் தடையாக நிற்பதால், வந்த காற்றுக்குப் போக இடமில்லாமல் கனோபியின் வயிற்றில்தான் முட்டும்.

பழுதாய்ப்போன கதையைச் சொல்லி முடித்ததும், இரண்டாம் முறை செய்து தந்த வெல்டிங் பாஸ் சுவரில் கையை வைத்துக் காட்டியது இன்னும் ஞாபகம்: "தம்பி, பாரம் மேல் போல்ட்டைப் புடுங்கும், காத்து கீழ் போல்ட்டைப் புடுங்கும். ரெண்டும் ஒரே மாதிரி இறுகணும்." கனோபியைச் சுவரில் தாங்குகிற முக்கோணக் கைக்கு மேலே இரண்டு போல்ட், கீழே சும்மா ஒன்று என்று பூட்டுவது வழக்கம். மழை நாளில் மேலே உள்ளதும் புயல் நாளில் கீழே உள்ளதும் வேலை செய்கிறது. அதேபோல, மேலே சுவரிலிருந்து சங்கிலியோ மெல்லிய கம்பியோ கட்டித் தொங்கவிடுகிற மொடல் பார்க்க லட்சணம், கண்ணாடி மாதிரி பாரமான கூரைக்குச் சரி. லேசான ஷீட்டுக்கு அது கூடாது. சங்கிலி கீழே விழாமல் பிடிக்கும், மேலே போகாமல் எப்படிப் பிடிக்கும்? வேண்டுமென்றால் வளையாத குழாயாகப் போடுங்கள்.

முக்கோணத்தின் சுவர்ப்பக்கக் கால் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குப் போல்ட்டில் விழுகிற இழுவை குறையும். மூன்றரை அடி நீட்டுக்கு ஒன்றரை அடிக் கால் வைத்தோம். கடையில் கிடைப்பவற்றில் ஒரு சாண் கால் உள்ளவைதான் அதிகம்.

இனி ஷீட்டும் இரும்பும்

பொலிகார்பனேட்டில் இரண்டு வகை. முழு ஷீட் ஒன்று, நடுவில் குழாய் குழாயாக ஓட்டையுள்ளது மற்றது. ஓட்டையுள்ளது விலை குறைவு, வெயிலைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் வெட்டிய முனையைச் சரியாக டேப் போட்டு மூடாவிட்டால் ஆறு மாதத்தில் உள்ளே பாசி பிடித்து, எறும்பு குடியேறி, பச்சைக் கோடு கோடாகத் தெரியும். வாசல் போன்ற சின்ன இடத்துக்கு 3 அல்லது 4 மில்லிமீற்றர் முழு ஷீட்டுக்கே போங்கள். ஷீட்டின் ஒரு பக்கத்தில்தான் வெயில் எதிர்ப்புப் பூச்சு இருக்கும், எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டியிருக்கும் படலத்தில் அச்சடித்திருக்கும். அதைத் தலைகீழாகப் போட்டால் சில வருடத்தில் மஞ்சளாகி வெடிக்கும். அக்கிரிலிக்கும் பார்வைக்கு இதே மாதிரித்தான் இருக்கும், விலை குறைவென்று தலையில் கட்டிவிடுவார்கள், ஆனால் மேலிருந்து ஒரு மாங்காய் விழுந்தால் தெறித்துவிடும். தென்னைக்கு அடியில் வாசல் என்றால் எந்த ஷீட்டும் உதவாது, தேங்காயை நேரத்துக்குப் பறியுங்கள்.

அமானோ மாதிரியான சிங்க்-அலுமினியத் தகரம் மலிவு, பல வருடம் இருக்கும், வெளிச்சத்தை மறைக்கும், மழைக்குப் பறை அடிக்கும். படுக்கையறை வாசலுக்குப் பக்கத்தில் என்றால் யோசியுங்கள். அஸ்பெஸ்டஸ் வேண்டாம். வீட்டில் மிச்சம் கிடக்கிறதே, கிரைண்டரால் வெட்டிப் போட்டுவிடலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் வரக்கூடியது புற்றுநோய், வாசலில் வைத்து வெட்டுகிற விஷயமில்லை. கண்ணாடி என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் படலம் வைத்து ஒட்டிய வகைதான். 10 மில்லிமீற்றர்க் கண்ணாடி சதுர மீற்றருக்கு 25 கிலோ வரும், அதைத் தாங்குகிற சுவர் உங்களுடையதா என்பது முதலில் பிடித்த தூளிலேயே தெரிந்திருக்கும். துணி ஒனிங் கடைக்குச் சரி, வீட்டுக்கு இந்த ஈரப்பதத்தில் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும்.

சட்டத்துக்கு என்ன இரும்பு? கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் இந்த இடத்தில் காசைச் சேமிக்கக் கூடாது. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளின் கிறில்களைப் பார்த்தால் போதும், பெயின்டுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகத் துரு. பவுடர் கோட் செய்த அலுமினியம் நல்ல தெரிவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 304 ஆ 316 ஆ என்று கேளுங்கள். 316 இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றைத் தாங்கும், 304 கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு 2 மில்லிமீற்றர்த் தடிப்பு ஜிஐ பொக்ஸ் பார், அதாவது நாகம் பூசிய சதுர இரும்புக் குழாய், போதும். ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் நாகப் பூச்சு எரிந்துவிடும், அந்த இடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நாகம் கலந்த பிரைமர் அடித்த பிறகுதான் பெயின்ட். பொக்ஸ் பாரின் திறந்த முனைகளைத் தகடு வைத்து மூடச் சொல்லுங்கள். மூடாவிட்டால் ஒரு முனையில் குளவி கூடு கட்டும், மறுமுனையில் தண்ணீர் நின்று உள்ளிருந்தே துரு தின்னும்.

அலுமினியச் சட்டத்துக்குச் சாதாரண இரும்பு ஸ்குரூ போட்டால் உப்பீரத்தில் ஸ்குரூவைச் சுற்றி அலுமினியம் அரிபடும். ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவும் நைலோன் வாஷரும் கேளுங்கள். கொழும்பு 12 இல் பழைய சோனகத் தெருவில் ஒரு பின்னேரம் நடந்தால் இதெல்லாம் கிடைக்கும். பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் நாலு போல்ட் வாங்கப் போனவர் ஒரு ட்ரில் மெசினும் வாங்கிக்கொண்டு வருவார்.

விலை கேட்கும்போது சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றைத் தொகையோடு விடாதீர்கள். ஷீட் என்ன தடிப்பு, சட்டம் என்ன தடிப்பு, போல்ட் என்ன வகை, சுவரோடு சேர்கிற இடத்தில் ஃபிளாஷிங் (தண்ணீர் இறங்காமல் தடுக்கிற மடித்த தகடு) போடுவாரா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எங்கள் முதல் கனோபியின் பில்லில் "கனோபி 1" என்று மட்டும் இருந்தது.

அனுமதியும் அயலும்

சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகை வீடென்றால் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், போகும்போது முற்பணத்தில் கழிப்பார்கள். தொடர்மாடியென்றால் வெளிச்சுவர் உங்களுடையது மட்டுமில்லை, உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் சம்மதம் வேண்டும். தனி வீடென்றாலும், வாசல் நேராக ஒழுங்கையில் திறக்கிற வீடுகள் கவனம். கனோபி உங்கள் எல்லையைத் தாண்டி வீதிக்கு மேலே நீட்டக் கூடாது, வீதிக்கோடு கட்டிடக்கோடு சந்தேகம் இருந்தால் மாநகர சபையில் கேட்டுவிடுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, குப்பை லொறி பின்னுக்கு எடுக்கும்போது உங்கள் கனோபியைப் பார்த்து எடுக்காது. மழைத்தண்ணீர் பக்கத்து வீட்டு மதிலில் கொட்டாமலும் பாருங்கள், ஒழுங்கைச் சண்டையில் பாதி இதில்தான் தொடங்குகிறது.

பூட்டுகிற நாள்

தைப்பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் இடைப்பட்ட காலம்தான் கொழும்பில் மழை குறைவு, அப்போது வையுங்கள். சித்திரையில் செய்ய வேண்டி வந்தால் காலையில் தொடங்கி மதியத்துக்கு முன் முடியுங்கள். பின்னேரம் இடி முழங்கும்போது இரும்பு ஏணியில் நிற்கக் கூடாது. வாசலில் கை வைக்கிற வேலை என்று அம்மா நல்ல நேரம் பார்த்தார். காலை நேரமாகவே அமைந்ததில் எனக்கும் சந்தோஷம்.

முதலில் மேலே பாருங்கள். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் கதவுக்கு மேலால் போனால், ஏணியும் நீள இரும்பும் அதன் பக்கம் போகக் கூடாது. மிகக் கிட்டவாக இருந்தால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவித்து ஆவன செய்த பிறகே வேலை.

அடுத்தது மட்டம். கதவு நிலையின் மேல் விளிம்பைப் பார்த்து மட்டம் எடுக்க வேண்டாம், பழைய வீட்டு நிலைகள் சரிந்திருக்கும். மேசன்மார் பாவிக்கிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு பக்கமும் குறி போடுங்கள், குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறியை இணைத்துக் கோடு கீறிய பிறகு, ஒருவர் தள்ளி நின்று கண்ணாலும் பார்க்க வேண்டும். நிலை கோணலாக இருந்தால் மட்டமான கனோபியே கோணலாகத் தெரியும், அந்த நேரம் அரை அங்குலம் விட்டுக்கொடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முக்கோணக் கையைச் சுவரில் பிடித்து ஓட்டைகளைக் குறித்து, முதல் கையின் மேல் ஓட்டை ஒன்றை மட்டும் துளையுங்கள். போல்ட் பெட்டியில் எழுதியிருக்கும் பிட் அளவுதான், ஒரு நம்பர் பெரிதாகப் போட்டால் பிடிக்காது. ஆழம் கணக்கிடும்போது சாந்தின் தடிப்பையும் கூட்டுங்கள். சாந்துக்கு உள்ளே கொங்கிரீட்டில் 3 அங்குலம் இறங்க வேண்டும் என்றால், பிட்டில் மூன்றேமுக்கால் அங்குலத்தில் டேப் சுற்றி அந்த டேப் சுவரைத் தொடும் வரைக்கும். லிண்டலின் விளிம்புக்கு மிகக் கிட்டத் துளைத்தால் கொங்கிரீட் சில்லாகக் கழன்றுவரும், 3 அங்குலமாவது உள்ளே தள்ளுங்கள். ஆறு அங்குல உயர லிண்டலில் அப்படியென்றால் சரியாக நடு.

பிறகு எல்லோரும் தவறவிடுகிற வேலை, துளைக்குள் இருக்கும் தூளை எடுப்பது. சைக்கிள் பம்பால் ஊதி, பழைய போத்தல் பிரஷால் தேய்த்து, திரும்ப ஊதுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. தூள் இருந்தால் எங்கர் போல்ட்டும் பிடிக்காது, கெமிக்கல் எங்கர் அந்தத் தூளோடுதான் ஒட்டிக்கொள்ளும், சுவரோடு ஒட்டாது. கெமிக்கல் போட்டால் அதில் எழுதியிருக்கும் நேரம் முடியும் வரைக்கும் தொடாதீர்கள். பாஸ் டீ குடிக்கும் நேரம் போதும் என்பார், போதாது.

இரண்டு கையும் ஏறிய பிறகு, ஷீட் போட முதல், ஒரு ஆள் இரண்டு கையாலும் ஒவ்வொன்றையும் பிடித்து முதலில் கீழே, பிறகு மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

ஷீட்டுக்குச் சரிவு அடிக்கு ஒன்றரை அங்குலம். பொலிகார்பனேட் வெயிலுக்கு நீளும், இரவில் சுருங்கும். 6 அடி ஷீட்டில் இது 3, 4 மில்லிமீற்றர் வரும். ஆகவே ஷீட்டில் போடும் ஓட்டை ஸ்குரூவை விட 3, 4 மில்லிமீற்றர் பெரிதாக இருக்கட்டும், ரப்பர் வாஷர் அதை மூடிக்கொள்ளும். இறுக்கும்போது வாஷர் பிதுங்கக் கூடாது. இறுக்கிக் கட்டினால் மத்தியானம் "டக் டக்" என்று சத்தம் கேட்கும், சில மாதத்தில் ஓட்டையிலிருந்து வெடிப்பு நட்சத்திரம் மாதிரி ஓடும். படலத்தை அன்றைக்கே உரித்துவிடுங்கள். அழுக்காகாமல் இருக்கட்டும் என்று ஒரு வாரம் விட்டால் வெயிலில் ஒட்டிக்கொண்டு பிறகு நகத்தாலும் வராது.

சுவரும் ஷீட்டும் சேர்கிற இடம்தான் கடைசிப் பரீட்சை. சும்மா சிலிக்கன் கோடு இழுத்துவிட்டுப் போவார்கள், ஒரு மழைக்காலம் தாங்கும். சாந்தில் அரை அங்குல ஆழத்தில் கிரைண்டரால் ஒரு பள்ளக் கோடு வெட்டி, மடித்த அலுமினியத் தகட்டின் ஒரு விளிம்பை அதற்குள் செருகி, மற்ற விளிம்பு ஷீட்டின் மேல் படிய விட்டு, பள்ளத்தை சீலன்ட்டால் அடையுங்கள். வினாகிரி வாசம் அடிக்கிற சிலிக்கன் வேண்டாம், சீமெந்தோடு ஒட்டாது, நாகத் தகட்டை அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

மாவிலைத் தோரணம் கட்ட முன் விளிம்பில் இரண்டு சின்னக் கொக்கி வைக்கச் சொல்லுங்கள், சட்டத்துக்குப் பெயின்ட் அடிக்க முதல். இதை மறந்து, பிறகு ஷீட்டில் ஓட்டை போட்ட வீடு எனக்குத் தெரியும்.

தண்ணீர் எங்கே போகும்

முன் விளிம்பில் பீலி வைப்பதா வேண்டாமா என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தேவை இல்லையென்றால் வைக்காதீர்கள். இலை விழுந்து, காகம் எலும்புத்துண்டு போட்டு, அதில் நிற்கிற தண்ணீர் நுளம்புக்குத் தொட்டில். முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். டெங்குச் சோதனைக்கு வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஏணி கேட்டுப் பீலியைத்தான் முதலில் பார்ப்பார்கள், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் போடலாம். தண்ணீர் நேராக உங்கள் முற்றத்தில் அல்லது கானில் விழ இடமிருந்தால் விழட்டும், விழுகிற இடத்தில் நாலு கை கருங்கல் சல்லி போட்டால் சேறு தெறிக்காது. ஆட்கள் நடக்கிற பாதையில்தான் விழும் என்றால் மட்டும் பீலி, அதுவும் ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது சரிவு கொடுத்து, வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது அதிலும் கையை விட்டுப் பார்க்கிற மாதிரி.

பூட்டி முடித்த அன்றே, ஹோஸால் சுவரோடு சேர்கிற இடத்துக்கு மேலே தண்ணீர் அடித்து, அடியில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். பாஸ் காசு வாங்க முதல். ஒரு மாதம் கழித்து நட் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும், பிறகு வருடத்தில் ஒரு தடவை, சோளகம் தொடங்க முதல். ஷீட்டைக் கழுவச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தின்னர், பெற்றோல் பட்டால் பொலிகார்பனேட் வெடிக்கும், பெயின்ட் அடிக்க வருகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

புதுக் கனோபி ஏறிய பிறகு வந்த முதல் ஆனி மழையில் கதவில் நனைந்த உயரத்துக்குச் சோக் கோடு போட்டேன். அடியிலிருந்து 14 அங்குலம், கணக்கில் வந்தது ஏறக்குறைய அதேதான். ஆனால் இடது பக்கத்தை விட வலது பக்கம், அதாவது கடற்பக்கம், கோடு ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. அந்தப் பக்க முக்கோணத்துக்கு மட்டும் மிச்சம் கிடந்த ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி மறைப்பாகப் பூட்டினோம். அடியில் நாலு அங்குலம் காற்றுப் போக இடம் விட்டு.